மரண தண்டனை வழக்கில் மேல்நீதிமன்றம் சாட்சியத்தை எப்படிப் பரிசீலிக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேல்முறையீட்டுப் பணிக்குப் புதிதாக வந்த வழக்கறிஞர்கள், சட்ட மாணவர்கள், தண்டிக்கப்பட்டவரின் வீட்டார் ஆகியோர் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தந்திருக்கிறோம். 2024 ஜூலை 1 முதல் சட்டங்களின் பெயரும் பிரிவு எண்களும் மாறிவிட்டன. ஆனால் இன்று மேல்முறையீட்டில் இருக்கும் பெரும்பாலான வழக்குக் கட்டுகளில் (ஆவணத் தொகுப்புகளில்) பழைய எண்களே இருக்கும் என்பதால், தேவைப்படும் இடங்களில் இரண்டையும் கொடுத்திருக்கிறோம்.

செஷன்ஸ் நீதிமன்றம் தூக்குத் தண்டனை விதித்துவிட்டது. அடுத்து என்ன நடக்கும்?

அந்த நீதிமன்றமே வழக்கை உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பியாக வேண்டும். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 407-வது பிரிவு, அதாவது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 366-வது பிரிவு, இதைக் கட்டாயமாக்குகிறது. உயர் நீதிமன்றம் உறுதி செய்யும்வரை தண்டனையை நிறைவேற்ற முடியாது. அதுவரை அவர் வாரண்டின் பேரில் சிறைக் காவலில் இருப்பார்.

சென்னை உயர் நீதிமன்றத்திலும் மதுரைக் கிளையிலும் இப்படி வரும் வழக்குக்கு ‘ஆர்.டி.’ என்று தனி எண் கொடுப்பார்கள். ரெஃபர்டு டிரையல் என்பதன் சுருக்கம் அது. தண்டிக்கப்பட்டவர் போடும் குற்றவியல் மேல்முறையீட்டுக்கு வேறு எண் உண்டு. இரண்டையும் சேர்த்தே விசாரித்து ஒரே தீர்ப்பாகச் சொல்வார்கள். வழக்கின் நிலையை இணையத்தில் தேடும்போது இரண்டு எண்களையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

தீர்ப்பின் நகலை, கேட்டாலும் கேட்காவிட்டாலும், உடனே இலவசமாகத் தர வேண்டும்.

மேல்முறையீட்டுக்கு எத்தனை நாள்? போடாவிட்டால் என்ன ஆகும்?

செஷன்ஸ் நீதிமன்றம் விதித்த மரண தண்டனைக்கு எதிராக மேல்முறையீடு செய்ய 30 நாள். மற்ற தண்டனைகளுக்கு உள்ள 60 நாளை நினைத்துக்கொண்டு இருந்துவிடக் கூடாது. தாமதமானால் மன்னிக்கக் கோரி மனுப் போடலாம். சிறையில் இருப்பவர் சிறைக் கண்காணிப்பாளர் மூலமாகவே மேல்முறையீட்டு மனுவை அனுப்பலாம்.

போடாவிட்டாலும் உறுதி செய்யும் விசாரணை நடந்தே தீரும். நீதிபதிகள் சாட்சியத்தைப் படித்தே தீர வேண்டும். இருந்தாலும் போட வேண்டும். கொலைக் குற்றத்தோடு கொள்ளை, தடயத்தை மறைத்தல் போன்ற குற்றங்களுக்கும் தண்டனை விதிக்கப்பட்டிருக்கும். அவற்றை எதிர்க்கவும், எந்தச் சாட்சியத்தில் என்ன குறை என்று எழுத்தில் பதிய வைக்கவும் மேல்முறையீடுதான் வழி. மேல்முறையீட்டுக்கான காலம் முடியும்வரை, அல்லது போட்ட மேல்முறையீடு தீரும்வரை, தண்டனையை உறுதி செய்யக் கூடாது என்பதும் சட்டத்திலேயே இருக்கிறது.

சாதாரண மேல்முறையீட்டுக்கும் இதற்கும் சாட்சியத்தைப் பார்ப்பதில் என்ன வேறுபாடு?

இந்தப் பக்கத்தில் மற்ற எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான். சாதாரண மேல்முறையீட்டில், தீர்ப்பு தவறு என்று காட்டும் பொறுப்பு மேல்முறையீடு செய்தவரிடம் இருக்கிறது. மரண தண்டனையை உறுதி செய்யும் விசாரணையில் அப்படி இல்லை. செஷன்ஸ் நீதிபதியின் முடிவு சரியா என்று பார்ப்பதோடு நிற்காமல், அந்த முடிவை ஒதுக்கி வைத்துவிட்டு, முழுச் சாட்சியத்தையும் உயர் நீதிமன்றம் தானே முதலிலிருந்து எடைபோட வேண்டும். 1957-ல் ஜும்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைச் சொன்னது. 1977-ல் தமிழ்நாட்டிலிருந்து சென்ற சுப்பையா அம்பலம் வழக்கிலும், கீழ்நீதிமன்றத்தின் கருத்தைச் சாராமல் சாட்சியம் முழுவதையும் பரிசீலிக்க வேண்டும் என்று கூறியது.

ஆகவே எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) தரப்பு வழக்கறிஞர் ஒரு குறையை எழுப்பாமல் விட்டார் என்பதற்காக நீதிமன்றம் அதைக் கண்டுகொள்ளாமல் போக முடியாது. ‘கீழ்நீதிமன்றம் நன்கு பரிசீலித்திருக்கிறது, தலையிடக் காரணம் இல்லை’ என்று இரண்டு பத்தியில் முடித்துவிடும் தீர்ப்பு, இந்தக் கடமையைச் செய்யாத தீர்ப்பு. அதை உச்ச நீதிமன்றத்தில் தனியொரு காரணமாகவே எடுத்து வைக்கலாம்.

சாட்சியை நேரில் பார்த்தவர் செஷன்ஸ் நீதிபதிதானே என்று கேட்பார்கள். உண்மைதான், சாட்சி தடுமாறினாரா, அழுதாரா என்பது காகிதத்தில் முழுதாக வராது. ஆனால் மரண தண்டனை வழக்குகளில் முடிவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் மகஜரின் (பொருளைக் கைப்பற்றும்போது சாட்சிகள் முன் எழுதும் குறிப்பின்) நேரம், ஆய்வக அறிக்கை, பொருள் அனுப்பிய தேதி போன்றவைதான். அவை அங்கே எப்படித் தெரிந்தனவோ அப்படியேதான் இங்கும் தெரியும்.

கட்டைக் கையில் வாங்கியதும் எதை எதோடு ஒப்பிட வேண்டும்?

தீர்ப்பை முதலில் படிக்காதீர்கள். படித்துவிட்டால் அந்த நீதிபதியின் கண்ணால்தான் சாட்சியம் தெரியும். குற்றச்சாட்டு, முதல் தகவல் அறிக்கை, சாட்சிகளின் முதல் விசாரணை, குறுக்கு விசாரணை, ஆவணங்கள், எதிரியிடம் கேட்ட கேள்விகள் என்ற வரிசையில் படித்துவிட்டுத் தீர்ப்புக்கு வாருங்கள்.

படிக்கும்போதே ஒரு நேர அட்டவணை போடுங்கள். இடது பக்கம் தேதியும் மணியும், நடுவில் நிகழ்வு, வலது பக்கம் எந்தச் சாட்சி அல்லது எந்த ஆவணம் அதைச் சொல்கிறது என்ற குறிப்பு. பெரும்பாலான ஓட்டைகள் இந்த அட்டவணையிலேயே வெளிப்பட்டுவிடும்.

ஒரு மாதிரியைப் பார்ப்போம். முதல் தகவல் அறிக்கை இரவு 10 மணிக்குப் பதிவானதாக இருக்கிறது. அதில் எதிரியின் பெயரும் கண்ணால் கண்ட சாட்சியின் பெயரும் உண்டு. அறிக்கையின் ஓரத்தில் மாஜிஸ்திரேட் கைப்பட எழுதிய பெற்ற நேரமோ மறுநாள் மாலை 4 மணி. காவல் நிலையமும் நீதிமன்றமும் ஒரே ஊர். அடுத்து, மறுநாள் காலை 8 மணிக்கு நடந்த பிரேத விசாரணை (காவல்துறை உடலை நேரில் பார்த்து எழுதும் ஆய்வு) அறிக்கையை எடுங்கள். அதில் எதிரியின் பெயர் இல்லை, கண்ணால் கண்டவர் பெயரும் இல்லை. அப்படியானால் காலை 8 மணிக்குக் காவல்துறைக்கு அந்தப் பெயர்கள் தெரிந்திருந்தனவா? முதல் தகவல் அறிக்கை உண்மையில் எப்போது எழுதப்பட்டது? அறிக்கையை எடுத்துச் சென்ற காவலரைச் சாட்சியாக விசாரித்தார்களா? இந்த மூன்று கேள்விகளுக்கும் கட்டிலேயே பதில் இருக்க வேண்டும். தாமதம் இருந்தாலே வழக்கு விழுந்துவிடாது. அதற்கு விளக்கமும் இல்லாமல், மற்ற ஆவணங்களும் அதோடு பொருந்தாமல் போகும்போதுதான் அது உயிர்நிலையில் அடிக்கும்.

அதேபோல்: பிரேதப் பரிசோதனை அறிக்கையில் உள்ள காயங்களை எண்ணுங்கள், சாட்சி சொன்ன வெட்டுகளோடும், கைப்பற்றிய ஆயுதத்தின் அளவோடும் ஒத்துப்போகிறதா பாருங்கள். ஆயுதத்தை டாக்டரிடம் காட்டி, ‘இதனால் இந்தக் காயம் ஏற்பட்டிருக்க முடியுமா’ என்று கேட்டிருக்கிறார்களா? இரைப்பையில் இருந்த உணவின் நிலை, இறந்ததாகச் சொல்லும் நேரத்தோடு பொருந்துகிறதா? சாட்சிகளிடம் காவல்துறை எழுதிய வாக்குமூலங்கள் எந்தத் தேதியில் நீதிமன்றத்துக்கு வந்தன? சம்பவத்தன்றே எழுதியதாகச் சொல்லும் வாக்குமூலம் இரண்டு மாதம் கழித்துக் குற்றப் பத்திரிகையோடுதான் வந்தது என்றால் அதைக் கேட்காமல் விடக் கூடாது.

கண்ணால் கண்ட சாட்சியே இல்லை. சூழ்நிலைச் சாட்சியத்தை மட்டும் வைத்துத் தூக்குத் தண்டனையை உறுதி செய்யலாமா?

சட்டப்படி தடை இல்லை. ஆனால் 1984-ல் சரத் பிர்திசந்த் சார்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஐந்து நிபந்தனைகள் வைத்தது. குற்றத்தைக் காட்டும் சூழ்நிலை ஒவ்வொன்றும் முழுமையாக நிரூபணமாக வேண்டும். ‘இருந்திருக்கலாம்’ போதாது, ‘இருந்தது’ என்றாக வேண்டும். அவை எதிரி குற்றவாளி என்ற ஒரே முடிவோடுதான் பொருந்த வேண்டும். அவை முடிவான தன்மை உடையவையாக இருக்க வேண்டும். வேறு எந்த விளக்கத்துக்கும் இடம் இருக்கக் கூடாது. கடைசியாக, எதிரி நிரபராதி என்று கருதுவதற்கு நியாயமான எந்தக் காரணத்தையும் விட்டுவைக்காத அளவுக்குச் சங்கிலி முழுமையாக இருக்க வேண்டும். அந்த வழக்கிலேயே மரண தண்டனை பெற்றவர் விடுதலையானார்.

நடைமுறையில் தவறு எங்கே நடக்கிறது என்றால், சூழ்நிலைகளைத் தனித்தனியாக நிரூபிக்காமல் மொத்தமாகக் கூட்டிப் பார்ப்பதில். அரைகுறையாக நிரூபணமான பத்துச் சூழ்நிலைகள் சேர்ந்து ஒரு முழு நிரூபணம் ஆவதில்லை. ஆகவே ஒவ்வொன்றுக்கும் தனித் தாள் போட்டு, எந்தச் சாட்சி, எந்த ஆவணம், குறுக்கு விசாரணையில் என்ன ஆனது என்று எழுதி, நிற்காததை அடித்துவிடுங்கள். மிஞ்சுவது சங்கிலியா என்று பாருங்கள்.

‘கடைசியாகச் சேர்ந்து பார்த்தோம்’ என்ற சாட்சியத்தில் நேர இடைவெளிதான் எல்லாம். இடையில் வேறொருவர் நுழைந்திருக்க வாய்ப்பே இல்லாத அளவுக்கு அது குறுகியதாக இருக்க வேண்டும். எதிரி விளக்கம் சொல்லவில்லை என்பதை வைத்து இட்டு நிரப்பவும் கூடாது. தனக்கு மட்டுமே தெரிந்ததை எதிரிதான் விளக்க வேண்டும் என்ற விதி, அதாவது பழைய சாட்சியச் சட்டத்தின் 106, இன்றைய பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 109, அரசுத் தரப்பு தன் அடிப்படைக் கடமையை முடித்த பிறகே வேலை செய்யும்.

டி.என்.ஏ. பொருந்திவிட்டது என்றால் வாதிட ஒன்றுமே இல்லையா?

நிறைய இருக்கிறது. ஆய்வகத்தில் பொருந்தியது எது என்பதை அறிக்கை சொல்லும். அந்த மாதிரி யாரிடமிருந்து, எப்போது எடுத்தது, ஆய்வகத்துக்குப் போகும்வரை யார் கையில் இருந்தது என்பதை அறிக்கை சொல்லாது. மேல்முறையீட்டில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

2022 நவம்பர் 7 அன்று டெல்லி சாவ்லா வழக்கில் மரண தண்டனை பெற்றிருந்த மூவரை உச்ச நீதிமன்றம் விடுவித்தது. 2012 பிப்ரவரி நடுவில் எடுத்த மாதிரிகள் பிப்ரவரி 27 அன்றுதான் ஆய்வகத்துக்குப் போயின. அதுவரை காவல் நிலையப் பொருள் வைப்பறையில் கிடந்தன. டி.என்.ஏ. அறிக்கையின் முடிவுக்கு அடிப்படை என்ன, நிபுணர் அந்த முறையைச் சரியாகக் கையாண்டாரா என்பதை விசாரணை நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் ஆராயவே இல்லை என்று தீர்ப்பு சுட்டிக்காட்டியது.

நமக்கு இன்னும் நெருக்கமானது 2025 ஜூலை 15 அன்று வந்த தேனி மாவட்ட வழக்குத் தீர்ப்பு. சுருளி அருவிப் பகுதியில் 2011-ல் நடந்த இரட்டைக் கொலை அது. மதுரைக் கிளை உறுதி செய்திருந்த மரண தண்டனையை உச்ச நீதிமன்றம் ரத்து செய்து, தண்டிக்கப்பட்டவரை விடுவித்தது. மாதிரி கைமாறிய வரலாறு அறுந்து கிடந்ததே முக்கியக் காரணங்களில் ஒன்று. நாடு முழுவதற்கும் பொருந்தும் நெறிமுறைகளையும் அதே தீர்ப்பு வகுத்தது. மாதிரி எடுக்கும்போது வழக்கு எண், தேதி, பிரிவு, புலனாய்வு அதிகாரி விவரம் ஆகியவற்றை எழுதி, டாக்டரும் அதிகாரியும் சுயேச்சையான சாட்சிகளும் கையெழுத்திட வேண்டும். எடுத்த 48 மணி நேரத்துக்குள் மாதிரி தடயவியல் ஆய்வகத்தை அடைய வேண்டும். தாமதமானால் காரணத்தை வழக்கு நாட்குறிப்பில் எழுத வேண்டும். விசாரணை நீதிமன்றத்தின் அனுமதியில்லாமல் பொட்டலத்தைத் திறக்கவோ மறுபடி சீல் வைக்கவோ கூடாது. எடுத்தது முதல் வழக்கு முடியும்வரை யார் கையில் இருந்தது என்பதற்குத் தனிப் பதிவேடு வேண்டும். அது நீதிமன்ற ஆவணத்தோடு சேர வேண்டும்.

ஆகவே கட்டில் தேட வேண்டியவை: ரத்தம் எடுத்த டாக்டரின் சாட்சியம், சீலின் மாதிரி, பொருளை நீதிமன்றத்துக்கு அனுப்பிய படிவம் 95, நீதிமன்றத்திலிருந்து ஆய்வகத்துக்குச் சென்ற கடிதம், எடுத்துச் சென்ற காவலரின் சாட்சியம், பெற்றபோது சீல் எப்படி இருந்தது என்ற ஆய்வகக் குறிப்பு. இந்தத் தொடரில் ஒரு நாள் விட்டுப்போனாலும் அந்த நாளில் பொருள் எங்கே இருந்தது என்று கேளுங்கள். அரசு நிபுணரின் அறிக்கையை அவரைக் கூண்டில் ஏற்றாமலே குறியீடு செய்ய (வழக்கு ஆவணமாக எண்ணிட்டுச் சேர்க்க) சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் ஒருவர் உயிர் அந்த அறிக்கையில் தொங்கும்போது நிபுணரைக் குறுக்கு விசாரணை செய்யாமல் விடுவது பெரிய குறை என்பது எங்கள் உறுதியான கருத்து.

ரத்தக் கறை விஷயத்தில் ஒன்று: ‘மனித ரத்தம்’ என்ற முடிவும், இறந்தவரின் ரத்த வகை என்ற முடிவும் ஒன்றல்ல. தீர்ப்பில் இரண்டையும் கலந்து எழுதியிருந்தால் அறிக்கையை எடுத்துக் காட்டுங்கள்.

‘எதிரி ஒப்புக்கொண்டார், ஆயுதத்தையும் எடுத்துக் கொடுத்தார்’ என்கிறது தீர்ப்பு. அதை எப்படிப் பார்ப்பது?

காவல்துறையிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாகாது. அதைத் தொடர்ந்து ஒரு பொருள் கிடைத்தால், அந்தக் கண்டுபிடிப்போடு நேரடியாகத் தொடர்புடைய பகுதி மட்டுமே ஏற்கப்படும். பழைய 27-வது பிரிவு என்றால் எல்லோருக்கும் தெரியும்; இப்போது அது பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 23-வது பிரிவுக்குள் வந்துவிட்டது. ‘கத்தியைப் புதரில் மறைத்து வைத்திருக்கிறேன், வந்தால் எடுத்துத் தருகிறேன்’ என்பது ஏற்கத்தக்கது. ‘அந்தக் கத்தியால்தான் குத்தினேன்’ என்பது ஏற்கத்தக்கதல்ல. முழு வாக்குமூலமும் ஆவணமாகக் குறியீடு செய்யப்பட்டு, நீதிபதியின் மனதில் தங்கியிருப்பதைப் பல கட்டுகளில் காணலாம். அதை வெளிப்படையாக ஆட்சேபிக்க வேண்டும்.

மகஜரை நிறுத்திப் படியுங்கள். எடுத்த இடம் எல்லோரும் நடமாடும் இடமா? அந்த இடத்தைக் காவல்துறை ஏற்கெனவே சோதனை போட்டிருந்ததா? கையெழுத்திட்ட சாட்சிகள் யார்? நம் மாநிலத்தில் பெரும்பாலும் வி.ஏ.ஓ.வும் அவருடைய உதவியாளரும்தான் இருப்பார்கள். எதிரி தானாகவே வி.ஏ.ஓ. அலுவலகத்துக்குப் போய்க் கொலையை ஒப்புக்கொண்டதாகச் சொல்லும் வழக்குகளும் அதிகம். இதற்குச் சட்டத் தடை இல்லை. ஆனால் முன்பின் பழக்கமில்லாத ஓர் அதிகாரியிடம் ஏன் போய்ச் சொல்ல வேண்டும் என்ற கேள்விக்கு நம்பும்படியான பதில் கட்டில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தனித்து நிற்கும் அளவுக்கு வலுவான சாட்சியமாக அதை நீதிமன்றங்கள் எடுத்துக்கொள்வதில்லை.

சிசிடிவி, செல்போன் விவரங்கள்?

மூலக் கருவியையே நீதிமன்றத்தில் கொடுக்காமல் பென் டிரைவிலோ குறுந்தகட்டிலோ நகல் கொடுத்தால், அதற்குரிய சான்றிதழ் கட்டாயம் என்று 2020 ஜூலை 14 அன்று உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொல்லிவிட்டது. பழைய சாட்சியச் சட்டத்தில் 65பி, புதிய சட்டத்தில் 63. புதிய சான்றிதழில் இரண்டு பகுதிகள். பதிவின் ஹாஷ் மதிப்பும் (பதிவு மாற்றப்படவில்லை என்று காட்டும் எண்) வர வேண்டும். சான்றிதழ் இருந்தாலும், காட்சியில் இருப்பவர் எதிரிதான் என்று யார், எதை வைத்து அடையாளம் சொன்னார் என்பது தனிக் கேள்வி. சென்னைப் புறநகரில் 2017-ல் நடந்த சிறுமி கொலை வழக்கில் கீழே இரண்டு நீதிமன்றங்கள் கொடுத்த மரண தண்டனையை 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்து விடுதலை செய்தபோது, கேமராப் பதிவு முறையாக நிரூபிக்கப்படாததும் ஒரு காரணமாக இருந்தது.

செல்போன் கோபுர விவரம் ஒரு பகுதியைக் காட்டும், ஓர் ஆளைக் காட்டாது. சிம் யார் பெயரில், யார் கையில் என்பதற்கு வேறு சாட்சியம் தேவை.

விசாரணையில் வக்கீல் சரியாகக் குறுக்கு விசாரணையே செய்யவில்லை. இப்போது சரிசெய்ய முடியுமா?

முடியும். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பழைய 367, இப்போதைய 408-வது பிரிவின்படி, குற்றவாளியா நிரபராதியா என்பதைத் தொடும் எந்த விஷயத்திலும் மேல்விசாரணை நடத்தவோ கூடுதல் சாட்சியம் பெறவோ உயர் நீதிமன்றம் உத்தரவிடலாம். தானே பதிவு செய்யலாம், செஷன்ஸ் நீதிமன்றத்திடமும் ஒப்படைக்கலாம். சாதாரண மேல்முறையீடுகளிலும் கூடுதல் சாட்சியத்துக்கு வழி உண்டு. மரண தண்டனையில் இந்தத் தனிப் பிரிவையும் சேர்த்துக் காட்டி மனுப் போட வேண்டும். ‘மறுபடி விசாரிக்க வேண்டும்’ என்று பொதுவாகக் கேட்டால் தள்ளுபடியாகும். எந்தச் சாட்சி, எந்த விஷயம், கேட்கப்படாத கேள்வி எது, பதில் வந்தால் எந்தக் கண்ணி அறும் என்று எழுதுங்கள்.

விசாரணையே நியாயமாக நடக்கவில்லை என்றால் தண்டனையை ரத்து செய்து புதிதாக விசாரிக்கச் சொல்லலாம். 2019 டிசம்பரில் தீர்ப்பான அனோகிலால் வழக்கில், சட்ட உதவி வழக்கறிஞர் நியமிக்கப்பட்ட அன்றே குற்றச்சாட்டு வனைந்து, சுமார் இரண்டு வாரத்தில் மரண தண்டனைத் தீர்ப்பே வந்துவிட்டது. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து மறுவிசாரணைக்கு அனுப்பியது. ஆயுள் அல்லது மரண தண்டனை வரக்கூடிய வழக்கில் நியமிக்கப்படும் வழக்கறிஞருக்குக் குறைந்தது பத்து ஆண்டு அனுபவம் வேண்டும், தயாரிக்க ஏழு நாளாவது தர வேண்டும், உறுதி செய்யும் விசாரணைக்கு மூத்த வழக்கறிஞர்களையே முதலில் கருத வேண்டும் என்றும் சொன்னது. கட்டைப் பார்க்கும்போது வழக்கறிஞர் நியமனத் தேதியையும் முதல் சாட்சியின் தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

313 கேள்விகள் என்கிறார்களே, அதில் என்ன இருக்கிறது?

சாட்சியத்தில் தனக்கு எதிராக வந்த ஒவ்வொன்றையும் எதிரியிடம் சொல்லி விளக்கம் கேட்க வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 313-வது பிரிவு, இப்போது 351-வது பிரிவு. கேட்கப்படாத சூழ்நிலையை எதிரிக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது என்பது சார்தா தீர்ப்பிலும் உண்டு. தீர்ப்பில் நம்பிய சூழ்நிலைகளை ஒரு பக்கமும், கேட்ட கேள்விகளை மறுபக்கமும் எழுதி ஒப்பிடுங்கள். ஒரே கேள்விக்குள் ஐந்து சாட்சிகளின் சாட்சியத்தைத் திணித்திருந்தால் அதையும் சொல்லுங்கள்.

தீர்ப்புக்குப் பிறகு கிடைத்த ஆதாரத்தைக் காட்டலாமா? உதாரணமாக, வயது?

சம்பவ நாளில் 18 வயது நிரம்பவில்லை என்பதை எந்தக் கட்டத்திலும், வழக்கு முடிந்த பிறகும்கூட எழுப்பலாம். சிறார் நீதிச் சட்டம், 2015-ன் 9-வது பிரிவு இதை அனுமதிக்கிறது. பள்ளிச் சான்று அல்லது மெட்ரிகுலேஷன் சான்று முதலில். இல்லாவிட்டால் உள்ளாட்சி கொடுத்த பிறப்புச் சான்று. இரண்டும் இல்லாவிட்டால்தான் எலும்பு வளர்ச்சிப் பரிசோதனை. 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் விடுவித்த ஒருவர் சம்பவத்தின்போது 12 வயதுச் சிறுவன். பள்ளிப் பதிவேடு அதை நிரூபித்தபோது அவர் 28 ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கழித்துவிட்டிருந்தார். ஆகவே சொந்த ஊர்ப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டை முதல் வாரத்திலேயே தேடுங்கள்.

எத்தனை நீதிபதிகள் முடிவு செய்கிறார்கள்? கருத்து மாறுபட்டால்?

குறைந்தது இரண்டு பேர் கையெழுத்திட வேண்டும். சமமாகப் பிரிந்தால் வழக்கு மூன்றாவது நீதிபதியிடம் போகும். அவர் கருத்தின்படியே தீர்ப்பு.

உயர் நீதிமன்றம் என்னென்ன முடிவெடுக்கலாம்?

தண்டனையை உறுதி செய்யலாம், வேறு தண்டனையாக மாற்றலாம், வேறு குற்றத்துக்குத் தண்டிக்கலாம், மறுவிசாரணைக்கு அனுப்பலாம், விடுதலை செய்யலாம். எதிரிகள் பலர் இருந்தால் ஒவ்வொருவருக்கும் எதிரான சாட்சியத்தைப் பிரித்தே பார்க்க வேண்டும். உடுமலைப்பேட்டை ஆணவக் கொலை வழக்கில் திருப்பூர் நீதிமன்றம் 2017-ல் ஆறு பேருக்கு மரண தண்டனை விதித்தது. 2020 ஜூன் 22 அன்று சென்னை உயர் நீதிமன்றம் சதிக் குற்றச்சாட்டுக்கான சாட்சியத்தைத் தனியே ஆராய்ந்து முதல் எதிரியை விடுவித்தது. மற்ற ஐவரின் தண்டனையைக் குறைந்தது 25 ஆண்டு கழிக்க வேண்டிய ஆயுளாக மாற்றியது. தண்டனைக் குறைப்பே இல்லாமல் இத்தனை ஆண்டு என்று விதிக்கும் அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் மட்டுமே உண்டு என்று 2015 டிசம்பரில் அரசியல் சாசன அமர்வு தீர்மானித்திருக்கிறது.

குற்றம் நிரூபணமாகிவிட்டால், சாட்சியத்தில் உள்ள குறைகள் தண்டனைக் கட்டத்தில் உதவுமா?

உதவும். நியாயமான சந்தேகம் இருந்தால் விடுதலை. அந்த அளவுக்கு எட்டாத, ஆனால் முழு நிச்சயத்துக்கும் குறைவான ஒரு நிலை உண்டு; எஞ்சிய ஐயம் என்பார்கள். திரிபுராவிலிருந்து வந்த ஒரு வழக்கில் 2014-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்று மரண தண்டனையைக் குறைத்தது. இந்தக் கோட்பாட்டை எச்சரிக்கையோடு பயன்படுத்த வேண்டும். விடுதலை செய்ய வேண்டிய வழக்கில் ஆயுள் தண்டனையோடு சமரசம் செய்துகொள்ளும் வழியாக அது ஆகிவிடக் கூடாது. விடுதலைக்கான வாதத்தை முழுதாக வைத்துவிட்டு, மாற்று வாதமாகவே இதை வையுங்கள்.

1980-ன் பச்சன் சிங் தீர்ப்புப்படி அரிதினும் அரிதான வழக்கில், ஆயுள் தண்டனைக்கு இடமே இல்லை என்றால்தான் மரண தண்டனை. அதற்கு எதிரியின் வாழ்க்கையைப் பற்றியும் சாட்சியம் வேண்டும். 2022 மே மாத மனோஜ் தீர்ப்பு, மனநல மதிப்பீடு, சிறை நடத்தை அறிக்கை, குடும்பப் பின்னணி ஆகியவற்றை நீதிமன்றம் கேட்டுப் பெற வேண்டும் என்றது. செஷன்ஸ் நீதிமன்றத்தில் குற்றவாளி என்று சொன்ன அன்றே தண்டனையும் சொல்லியிருந்தால், இவற்றில் எதுவும் கட்டில் இருக்காது. உயர் நீதிமன்றத்தில் முதல் வாய்தாவிலேயே அவற்றைக் கேட்டு மனுப் போடுங்கள்.

உச்ச நீதிமன்றம் மறுபடியும் சாட்சியத்தைப் பார்க்குமா?

உயர் நீதிமன்றம் ஒரு விடுதலையை மாற்றி மரண தண்டனை விதித்தால் உச்ச நீதிமன்றத்துக்கு உரிமையோடு மேல்முறையீடு செய்யலாம். தண்டனையை உறுதி மட்டும் செய்திருந்தால் சிறப்பு அனுமதி மனுதான், 60 நாளுக்குள். மரண தண்டனை வழக்கில் காரணம் சொல்லாமல் அந்த மனுவைத் தொடக்கத்திலேயே தள்ளக் கூடாது என்று 2018-ல் தீர்ப்பு உண்டு. மூன்று நீதிபதிகள் அமர்வு விசாரிக்கும். அனுமதி கிடைத்துவிட்டால் சாட்சியம் முழுவதும் மறுபடி திறக்கும்.

தமிழில் பதிவான சாட்சியம் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துத்தான் டெல்லிக்குப் போகும். குறுக்கு விசாரணைப் பகுதிகளையாவது மூலத்தோடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்த்த பிறகே தாக்கல் செய்யுங்கள்.

ராஜீவ் காந்தி கொலை வழக்கில் உயர் நீதிமன்றமே வரவில்லையே, ஏன்?

அது தடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நடந்தது. தடாவில் மேல்முறையீடு நேரே உச்ச நீதிமன்றத்துக்கு. காவல் கண்காணிப்பாளர் நிலையில் உள்ளவரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலமும் அங்கே சாட்சியமாக ஏற்கப்பட்டது. 1998 ஜனவரியில் தனி நீதிமன்றம் 26 பேருக்கு மரண தண்டனை விதித்தது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதை நான்கு பேருக்கு மட்டும் உறுதி செய்து, மூவருக்கு ஆயுளாகக் குறைத்து, 19 பேரை விடுவித்தது. ஒவ்வொருவருக்கும் எதிரான சாட்சியத்தைப் பிரித்துப் பார்த்தால் ஒரே தீர்ப்பு எவ்வளவு மாறும் என்பதற்கு இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு நம் மாநிலத்தில் இல்லை.

உச்ச நீதிமன்றமும் உறுதி செய்துவிட்டது. இனி சாட்சியம் பற்றிப் பேச வழியே இல்லையா?

மறுஆய்வு மனு இருக்கிறது. 2014 செப்டம்பரில் முகமது ஆரிஃப் வழக்கில், மரண தண்டனை மறுஆய்வை மூன்று நீதிபதிகள் திறந்த நீதிமன்றத்தில் கேட்க வேண்டும் என்று தீர்ப்பானது. வாய்மொழி வாதத்துக்கு அரைமணி நேரம்தான். அதனால் மூன்று நான்கு விஷயங்களுக்கு மேல் எடுக்காதீர்கள். தருமபுரி பேருந்து எரிப்பு வழக்கில் 2010-ல் உறுதியான மரண தண்டனை, 2016 மார்ச்சில் மறுஆய்வில்தான் ஆயுளாகக் குறைந்தது.

மகாராஷ்டிர வழக்கொன்று இன்னும் கனமானது. 2009-ல் ஆறு பேருக்கும் மரண தண்டனை என்று உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. 2019 மார்ச் 5 அன்று அதே உச்ச நீதிமன்றம் ஆறு பேரையும் நிரபராதிகள் என்று விடுவித்து, தலா ஐந்து லட்சம் ரூபாய் கொடுக்க உத்தரவிட்டது. கண்ணால் கண்ட சாட்சி, சம்பவத்துக்குப் பிறகு காவல்துறையின் புகைப்படத் தொகுப்பில் வேறு நான்கு பேரை அடையாளம் காட்டியிருந்தார். அந்த நால்வரும் விசாரிக்கப்படவே இல்லை. இது பிறகு கிடைத்த புதிய ஆதாரம் அல்ல. மூன்று நீதிமன்றங்களின் கண் முன்னும் இருந்ததுதான்.

இப்படி விடுதலையானவருக்கு இழப்பீடு உரிமையாகக் கிடைக்குமா?

தனிச் சட்டம் இல்லை. 2018-ல் சட்ட ஆணையம் தன் 277-வது அறிக்கையில் சட்டம் கொண்டுவரப் பரிந்துரைத்தது, இன்னும் வரவில்லை. இப்போதைக்கு அரசியல் சாசன நீதிமன்றங்களின் விருப்புரிமைதான்.

வீட்டார் உடனடியாக என்ன செய்ய வேண்டும்?

தீர்ப்பு நகல், குற்றப் பத்திரிகை, சாட்சிகளின் வாக்குமூல நகல்கள் ஆகியவற்றை ஒரே இடத்தில் சேருங்கள். விசாரணை வழக்கறிஞரிடம் உள்ள கட்டை எழுதிக் கொடுத்துத் திரும்ப வாங்குங்கள். பள்ளிச் சான்று, பிறப்புச் சான்று, பழைய மருத்துவச் சீட்டு, மனநல சிகிச்சை பெற்றிருந்தால் அதன் பதிவு, வேலை பார்த்த இடத்தின் சான்று எதையும் விடாதீர்கள். சம்பவ நாளில் அவர் வேறிடத்தில் இருந்தார் என்றால், அதைக் காட்டும் பில்லோ பயணச் சீட்டோ வருகைப் பதிவேடோ இருந்தால் மூலத்தைப் பத்திரப்படுத்தி நகலை மட்டும் கொடுங்கள். சாட்சிகளைப் போய்ப் பார்க்கவோ பேசவோ வேண்டாம். அது வழக்கைக் கெடுக்கும்.

பணம் இல்லை என்பதற்காக நல்ல வழக்கறிஞர் கிடைக்காமல் போக வேண்டியதில்லை. காவலில் உள்ள எவருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 1987-ன்படி வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. உயர் நீதிமன்ற சட்டப் பணிகள் குழுவுக்குச் சிறை மூலமாகவோ நேரிலோ மனுக் கொடுக்கலாம். 15100 என்ற கட்டணமில்லா எண்ணிலும் கேட்கலாம். மனுவில் ஆர்.டி. எண்ணையும், அது மரண தண்டனை உறுதி வழக்கு என்பதையும் முதல் வரியிலேயே எழுதுங்கள்.